டிவி வாங்க நல்ல மாதம் எது?



விக்கிரவாண்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “43 அங்குல டிவி ஒன்று வாங்க வேண்டும். ஆடித் தள்ளுபடியில் வாங்கலாமா, தீபாவளி வரைக்கும் பொறுக்கலாமா?” என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். மார்ச் மாதம் வாங்குங்கள் அம்மா. மாசிக் கடைசியும் பங்குனித் தொடக்கமும்தான் என் கணக்குக்குச் சரியாக வருகிறது.

நம் பக்கத்தில் ஒரு காலத்தில் எப்போது வாங்குவது என்று யாரும் யோசித்ததில்லை, எங்கே வாங்குவது என்றுதான் யோசித்தார்கள். பாண்டியில் விற்பனை வரி குறைவு என்பதால் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறிப் போய் டிவி, மிக்சி வாங்கி வந்தவர்கள் ஏராளம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. இரண்டு பக்கமும் ஒரே வரி என்றாகி, அந்தப் பயணத்துக்கு வேலையில்லாமல் போனது. இன்னும் பல வீடுகளில் முதல் கலர் டிவிக்கு விலையே கிடையாது. 2006 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி அது. அந்த வீடுகள் காசு போட்டதே அதற்கு அடுத்த டிவிக்குத்தான்.

தள்ளுபடி நமக்காக வருவதில்லை. கடைக்காரருக்குச் சரக்கு நகர வேண்டும், அதற்காக வருகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, சீர்வரிசை வியாபாரம் படுத்துவிடும். அதைத் தூக்கி நிறுத்தப் பிறந்ததுதான் ஆடித் தள்ளுபடி. துணிக்கும் பாத்திரத்துக்கும் அது இன்றும் நல்ல மாதம். டிவி கதை வேறு. புது மாடல்களை ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டுவார்கள். அவை நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர ஏப்ரல், மே ஆகிவிடும். அதற்குள் போன வருடச் சரக்கைக் கழித்தாக வேண்டும். மார்ச் 31 கணக்கு முடிப்பு வேறு கழுத்தைப் பிடிக்கும். பொங்கல் கூட்டமும் ஓய்ந்திருக்கும். இந்த நேரத்தில் போய் “கடைசி விலை என்னங்க?” என்று கேட்டால் முதலாளியே எழுந்து வந்து பேசுவார், தீபாவளிக்கு முதல் நாள் கேட்டால் டோக்கன்தான் கிடைக்கும். சம்பா அறுவடை முடிந்து நெல் காசு கைக்கு வரும் சமயமும் இதுதான் என்பது நமக்குக் கூடுதல் வசதி.

ஆனால் எந்தக் கணக்கையும் வரி ஒரே நாளில் கவிழ்த்துவிடும். 32 அங்குலம் வரையிலான டிவிக்கு 2019 ஜனவரி முதலே 18 சதவீதம்தான். அதைவிடப் பெரியவற்றுக்கு 28 சதவீதம் நீடித்தது. 2025-ல் ஆடி முடியும் தறுவாயில், ஆகஸ்ட் 15 அன்று, ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் 18 ஆனது. வரிக்கு முன் 25,000 ரூபாய் உள்ள டிவி 32,000-லிருந்து 29,500-க்கு இறங்கியது. அந்த ஆடியில் இரண்டாயிரம் ரூபாய் தள்ளுபடி என்று அள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

கடைக்குப் போனால் பலகையில் எழுதியிருக்கும் ‘50% தள்ளுபடி’யை விட்டுவிடுங்கள். அது எம்ஆர்பியிலிருந்து போட்ட கணக்கு. அந்த விலைக்கு எந்த நாளிலும் யாரும் டிவி விற்பதில்லை. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் எண், தயாரித்த மாதம், வருடம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் இன்னும் குறைத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு ஆன்லைனிலும் அடுத்த கடையிலும் விலை பாருங்கள். கடையில் காட்சிக்கு மாட்டியிருந்த டிவியை மலிவாகத் தருவார்கள். நான் வாங்க மாட்டேன். காலை முதல் இரவு வரை முழு வெளிச்சத்தில் எரிந்த திரை அது.

‘வட்டியில்லாத் தவணை’யும் அந்தப் பலகைத் தள்ளுபடி போலத்தான். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கத்துக்குக் கிடைக்கவேண்டிய தள்ளுபடி அங்கே வட்டியாகப் போகிறது. செயலாக்கக் கட்டணம் தனி. முதலில் ரொக்க விலையைக் கேளுங்கள், தவணைப் பேச்சை அப்புறம் எடுங்கள்.

நீங்கள் டிவி வாங்கிய மாதம், அளவு, பில்லில் உள்ள விலை மூன்றையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து விலைகளைத் தொகுத்து, ஆடிக்கு முந்தைய இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்