ஒக்டோபர் 30: மறந்த பாதி

எமது பாடசாலைகளில் ஒக்டோபர் மாதம் சிறுவர் தினத்துக்கும் ஆசிரியர் தினத்துக்கும் உரியது. அம்மாதத்தின் 30 ஆம் நாளைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. திறப்போரும் பாதியையே சொல்கின்றனர்.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கி வைத்திருந்த 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிகுதி 1,50,000 பேரின் விதியைப் பின்னர் பேசிக்கொள்ளலாமாம்! 1974 இல் அதனையும் சரிபாதியாகப் பங்கிட்டனர். தங்க விரும்புவோர் எத்தனை பேர் என்று கேட்குமுன்பே கணக்கு முடிந்துவிட்டது. இம்மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள். பசிக்கும் வாந்திபேதிக்கும் வழியெங்கும் பலியானவர்கள். உழைத்து ஓய்ந்த பரம்பரையை அதே மன்னார்த் தீவின் முனையிற் கொண்டுவந்து கப்பலேற்றினார்கள். 1984 இல் கப்பற் சேவை நிற்கும்வரை தலைமன்னார்த் துறை அந்த அழுகையைக் கேட்டது.

இதனை நாம் மேடைகளிற் கண்ணீர் மல்கப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் 1990 இல் அதே ஒக்டோபர் 30 அன்று நடந்தது என்ன? யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் பணித்தனர். மன்னாரில் அந்த மாத இறுதியிலேயே வெளியேற்றம் நிகழ்ந்தது. எருக்கலம்பிட்டியார் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர். கட்டளையும் தமிழ், அதைக் கேட்டு நடுங்கிய தாயின் மொழியும் தமிழ்.

கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் தமிழரைக் கொன்றதை நினைவூட்டும் நண்பர் உளர். அக்கொலைகள் உண்மையே. அதற்கு எருக்கலம்பிட்டி மீனவனும் முசலிக் கமக்காரனும் எவ்வாறு பொறுப்பாவர்? ஓர் இனத்தில் ஒருவன் செய்ததற்கு இனம் முழுவதையும் தண்டிக்கும் இவ்வாதம் புதியதன்று. 1942 பெப்ரவரி 19 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட கட்டளையும் இதன் உடன்பிறப்பே. ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைபட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். 1976 இல், அதே பெப்ரவரி 19 அன்று, ஜனாதிபதி ஃபோர்ட் அதனை முறைப்படி நீக்கினார். 1988 இல் சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டதுடன் நட்டஈடும் வழங்கினர். வியட்நாமை எரித்த ஏகாதிபத்தியத்துக்கு நற்சான்றிதழ் எழுத நான் வரவில்லை. பாதிக்கப்பட்ட மக்கள் ஓயாது கேட்டார்கள், அரசு பணிந்தது. எமது பக்கத்திலோ கேட்பவனையே சந்தேகிக்கிறோம்.

2009 இன் பின் மீண்டு வந்த முசலி மக்கள் தம் காணிகள் காடாகிக் கிடக்கக் கண்டனர். அவர்கள் ‘வந்தேறிகள்’ என்று இன்றும் ஆசிரியர் ஓய்வறையிற் கூசாமற் பேசுவோர் உண்டு. மலையகத் தமிழரை ‘கள்ளத்தோணி’ என்ற வாயை மட்டும் நாம் மன்னிப்பதில்லை!

உயிலங்குளத்திலிருந்து மாணவரைத் தலைமன்னார்த் துறைக்கு அழைத்துச் செல்கிறோம். இடையில் எருக்கலம்பிட்டிப் பக்கம் பஸ்ஸைத் திருப்பியதில்லை. இவ்வாண்டு திருப்புவோம், அவ்வூர்ப் பெரியவர்கள் பேசட்டும், எம் பிள்ளைகள் கேட்கட்டும்.