கைப்பிடிச்சுவர்



2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளிக் கட்டடமொன்றில், சமையற்கூடத்தில் பற்றிய தீ மாடியின் கீற்றுக்கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளை மாய்த்தது. படிக்கட்டோ குறுகியது. இதைத் தேவசித்தம் என்று சொல்லிக் கடந்துவிடலாகாது. வீடு கட்டுகிறவன் மேல்தளத்தில் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும், தவறினால் விழுந்தவனுடைய இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும் என்று உபாகமம் 22:8 போதிக்கிறது. முன்னெச்சரிக்கையும் விசுவாசத்தின் கிரியையே.

பெங்களூருக்குப் பிழைக்க வந்த நாம், கட்டணத்தையும் ஆங்கிலத்தையும் மாத்திரம் விசாரித்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிறோம். வெளியேற இரண்டாவது வழி உண்டா, அதன் கதவு பூட்டப்படாதிருக்கிறதா, பிள்ளைகளுக்கு அதில் பயிற்சி உண்டா என்றும் தாழ்மையாய்க் கேளுங்கள்.

துயரம் நேர்ந்த வீட்டிலோ காரணம் போதியாதிருங்கள். யோபின் சிநேகிதர் ஏழு நாள் மௌனமாய் அமர்ந்திருந்ததே அவர்கள் செய்த நன்மை.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.