கிளிநொச்சியும் கையளிப்புச் சட்டமும்

“இந்தியா கேட்டது, கொழும்பு கொடுக்கவில்லை. சட்டம் இருந்தும் மனமில்லை.” விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன், அவர்களின் ஆயுதக் கொள்வனவாளர் கே.பி. (குமரன் பத்மநாதன்) பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இப்படி ஒரு தீர்ப்பை வன்னியில் கேட்கலாம். அதில் பாதிக்கு மேல் பிழை.

சட்டம் இருந்தது உண்மை. இலங்கையின் 1977ஆம் ஆண்டு 8ஆம் இலக்கக் கையளிப்புச் சட்டப்படி, வேற்று நாடு கோரும் ஒருவரை மேல் நீதிமன்றம் விசாரித்து, ஆதாரம் போதுமென்றால் சிறையில் வைக்கும். ஒப்படைக்கும் ஆணை அமைச்சருடையது. இத்தனைக்கும் முதல் வேலை, ஆளைப் பிடிப்பது. ராஜீவ் காந்தி கொலை வழக்குக்காக 1995இல் இந்தியா பிரபாகரனைக் கோரியது. 2002 ஏப்ரல் 10ஆம் திகதி அவர் கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளர்கள் முன் அமர்ந்தார். ஆறு நாளில் தமிழகச் சட்டசபை, அவரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டுமென்று தீர்மானம் போட்டது. ஆனால் அன்று கிளிநொச்சியில் பொலிசும் நீதிமன்றமும் புலிகளுடையவை. பெப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்தத்தை முறிக்காமல் கொழும்பின் பிடியாணை ஓமந்தை எல்லையைத் தாண்டியிராது. மனம் இருந்ததா என்று கேட்கும் கட்டமே அப்போது வரவில்லை.

“அரசியல் குற்றவாளியை எந்த நாடும் கொடுக்காது” என்பதும் முழு உண்மையல்ல. 1987இல் காத்மண்டுவில் கையெழுத்தான சார்க் பயங்கரவாத ஒழிப்பு உடன்படிக்கை கொலை, ஆட்கடத்தல், வெடிவைப்பு ஆகியவற்றுக்கு ‘அரசியல் குற்றம்’ என்ற கதவைப் பெரும்பாலும் மூடிவிட்டது.

அடுத்தது, “வவுனியா சிறையிலிருக்கும் இந்திய மீனவரை மட்டும் உடனே அனுப்புகிறார்களே!” என்ற கேள்வி. அவர்களை விசாரிக்க இந்தியா கேட்கவில்லையே! நீதிவான் விடுவித்ததும் தூதரகம் பொறுப்பேற்று வீட்டுக்கு அனுப்புகிறது. தண்டனைக் கைதியைச் சொந்த நாட்டுச் சிறைக்கு மாற்றும் 2010ஆம் ஆண்டு உடன்பாடு மூன்றாவது வழி. அதற்குக் கைதியின் சம்மதம் வேண்டும். கையளிப்பில் சம்மதம் யாரும் கேட்பதில்லை. உள்ளூரில் தண்டனை அனுபவிப்பவரை, அது முடியுமுன் ஒப்படைக்காமலிருப்பதே பொதுநலவாய நாடுகளில் வழக்கம்.

கே.பி. கதைதான் சிக்கலானது. 2009 ஓகஸ்டில் மலேசியாவில் பிடிபட்டவர் சில நாட்களுக்குள் கொழும்பில் இருந்தார். எந்த நீதிமன்றமும் அவர் பக்கத்தைக் கேட்கவில்லை. அதைக் கையளிப்பு என்பது சட்டத்துக்கு மிகையான மரியாதை. ராஜீவ் கொலைச் சதி விசாரணையில் இந்தியாவும் தேடிய ஆள் அவர். 2012 ஒக்டோபரில் வழக்கு எதுவும் தாக்கல் செய்யப்படாமலே வெளியே வந்து, கிளிநொச்சியில் செஞ்சோலைச் சிறுவர் இல்லத்தை நடத்தினார்.

ஊர்ப்பேச்சில் நிற்கக்கூடிய குற்றச்சாட்டு கே.பி. பற்றியது மட்டுமே. ஆள் காவலில் இருந்தார். முடிக்கவேண்டிய உள்ளூர்த் தண்டனையும் இல்லை. அவரைச் சென்னை நீதிமன்றத்தில் நிறுத்தக் கொழும்பும் விரும்பவில்லை. டில்லி வற்புறுத்தியதாகவும் தெரியவில்லை.