ஒரு விளக்கும் ஐந்து கொப்பிகளும்

பிள்ளைகள் பலர் உள்ள வீட்டிலே மாலை ஆறரை மணிக்கு நிகழும் காரியங்களை வருணித்தற்குப் புலவர் எவரும் வேண்டியதில்லை. சுவாமி படத்தின் முன் விளக்கேற்றித் தேவாரம் ஓதி முடித்த கையோடு, மேசையொன்றைச் சுற்றி ஐந்து கொப்பிகள் விரிகின்றன. பதினோராந் தரத்து மூத்தவளுக்குக் கேத்திரகணிதத்தில் ஓர் ஐயம். எட்டாந் தரத்தினனுக்குச் சமன்பாடு தீரவில்லை. ஐந்தாந் தரத்தினனுக்கு முன்னே புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் கிடக்கின்றது. இரண்டாந் தரத்தினள் வாய்ப்பாட்டை உரத்துச் சொல்லித் தமையனின் சினத்தைத் தேடிக்கொள்கின்றாள். எழுத்தறியாத கடைக்குட்டிக்கோ பிறர் கையிலிருக்கும் பென்சிலே வேண்டும். அடுப்பிலே சோறு கொதிக்கின்றது. அங்கிருந்தபடியே தாயார் எல்லார்க்கும் பொதுவாகச் சொல்லும் விடை ஒன்றுண்டு: “அக்காவைக் கேள்.”

இவ்விரண்டு சொற்களைப் பற்றியே இக்கிழமை சிறிது ஆராய விரும்புகின்றோம். பதினோராந் தரத்திலே நன்றாகப் படிக்கக்கூடிய மாணவி ஒருத்தி, ஒப்படைகளைப் பிந்தித் தருவதும் முதற் பாடவேளையிலேயே கண் சோர்வதும் கண்டு காரணம் வினவினோம். தம்பி தங்கையர் நால்வருக்கும் பாடஞ் சொல்லி உறங்கவைத்த பின்னர், பத்து மணிக்கு மேலேதான் தன் புத்தகத்தைத் திறக்க முடிகின்றது என்றாள். குறை கூறும் குரலில் அன்று. வெளியே மழை பெய்கின்றது என்பார்போலக் கூறினாள். அந்தப் பிள்ளைக்கு அவ்வாண்டு டிசம்பரில் பரீட்சை. இத்தகைய அக்காமார் ஒவ்வொரு வகுப்பிலும் இருவர் மூவர் இருக்கின்றனர் என்பதைக் கற்பிப்போர் அறிவர். அண்ணன்மார் தொகை அத்துணை இல்லை என்பதும் கவனிக்கத் தக்கது.

மூத்தோர் இளையோர்க்குக் கற்பித்தல் நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலே வகுப்புப் பிரிவு என்பதே இருந்ததில்லை. ஒருவன் மணலிலே விரலால் அகரம் எழுதுவான். அடுத்தவன் ஆத்திசூடி ஒப்புவிப்பான். மற்றொருவன் நிகண்டு மனனஞ் செய்வான். ஆசிரியர் ஒருவரே. அவருக்குத் துணையாக முதிர்ந்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளை என்னும் பெயரோடு சிறுவர்களின் பாடங் கேட்பான். யாழ்ப்பாணத்திலே ஆசிரியரையே சட்டம்பியார் என வழங்கிய காலமும் உண்டு. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, பாலபாடங்களையும் படிமுறையாக எழுதி அச்சிட்ட பின்னரே, வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ற பாடநூல் என்னும் கருத்து நம் சிறுவர் கைக்கு நூலுருவில் வந்து சேர்ந்தது.

இத் திண்ணை முறை கடல் கடந்து சென்ற வரலாறு சுவையானது. சென்னை எழும்பூரிலே, ஐரோப்பியப் போர்வீரரின் ஆண் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட ஆதரவு நிலையத்துக்கு 1789 இல் மேற்பார்வையாளராக அமர்ந்தவர் அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். சுதேசப் பள்ளிக்கூடம் ஒன்றிலே சிறுவர்கள் நிலத்திலிருந்து மணலில் எழுதிக் கற்பதைக் கண்ட அவர், அதனைத் தம் நிலையத்திலும் கைக்கொள்ள விரும்பினார். கீழிருந்த ஆசிரியர்களோ அதற்கு இணங்கவில்லை. உடனே அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதனைச் செவ்வனே நடத்திவிட்டான். இலண்டனுக்கு மீண்ட பெல், 1797 இல் இச்சோதனையைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை மலிவாகப் படிப்பிக்கலாம் என்றால் தருமகர்த்தர்களுக்கு மகிழ்ச்சி வராதா? திண்ணையில் நம் முன்னோர் செலவின்றிச் செய்ததற்காக, பெல் துரைக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திலே கல்லறை கிடைத்தது.

வீட்டிலேயே இம்முறையைக் கைக்கொண்டவர் கதை இன்னும் நுட்பமானது. தத்துவ அறிஞர் ஜோன் ஸ்டுவர்ட் மில் 1806 இலே பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவர். இளமையிற் பள்ளிக்கூடத்து வாயிலை மிதித்திலர். தந்தையாராகிய ஜேம்ஸ் மில்லே ஆசிரியர். மூன்று வயதிற் கிரேக்கம். எட்டு வயதில் இலத்தீன். இந்தியாவைக் கண்ணாலும் காணாமல் இந்திய சரித்திரம் எழுதிக்கொண்டிருந்த தந்தையார், அதே மேசையின் மறுபக்கத்திலே மகனை இருத்தி, தெரியாத கிரேக்கச் சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் கூறிவந்தார். பொறுமை என்பதே அறியாத மனிதர் எனப் பெயரெடுத்த அவர், இவ்விடையூற்றை மாத்திரம் ஆண்டுக்கணக்காகப் பொறுத்தார். மாலை வேளையில் மகனின் ஒரு கேள்விக்கே முகஞ் சுளிக்கும் தந்தையர் இதனைக் கருதுக.

எட்டு வயதில் இலத்தீன் தொடங்கியதும் மற்றொரு கடமையும் அச்சிறுவன் தலையிலே ஏறிற்று. தான் கற்பதைத் தங்கைக்கும், பின்னர் மற்றைச் சகோதரர்க்கும், உடனுக்குடன் கற்பித்தல் வேண்டும். அவர்கள் பிழைவிட்டால் கணக்குக் கொடுக்கவேண்டியவனும் அவனே. 1873 இல் வெளிவந்த தம் சுயசரிதத்திலே மில் இதனை நிறுத்துப் பார்க்கின்றார். கற்பித்த பாடங்கள் தமக்கு ஆழமாகப் பதிந்து நெடுங்காலம் நின்றன என்னும் நன்மையை அவர் மறுக்கவில்லை. ஆயினும் சிறுவரைக் கொண்டு சிறுவர்க்குக் கற்பிப்பது கற்பித்தல் என்ற அளவிற் பயன் குறைந்ததென்றும், ஆசிரியன் மாணாக்கன் என்னும் உறவு அவ்விருவர் பண்புக்கும் நல்லதன்றென்றும் தம் அநுபவத்திலிருந்து அவர் தீர்ப்புக் கூறுகின்றார். பெல் பாதிரியார் முறையை உலகம் புகழ்ந்துகொண்டிருந்த காலத்திலே, அதனை வீட்டினுள் அநுபவித்த பிள்ளையின் சாட்சி இது.

எமது எண்ணம் இவ்விரண்டுக்கும் இடையிலே நிற்கின்றது. தெரிந்ததை ஒரு தரம் பிறர்க்கு எடுத்துரைத்தல் போன்ற மீட்டல் வேறில்லை. எட்டாந் தரத்தினன் ஐந்தாந் தரத்தினனுக்குப் பின்னங்களை விளக்கப் புகும்போதே, தனக்கு அவை தெளிவாக இல்லை என்பதை உணர்கின்றான். இது அவனுக்கு ஊதியம். ஆனால் பிழைக்குப் பொறுப்பாளி ஆக்கும்போது கதை மாறுகின்றது. தம்பி குறைந்த புள்ளி வாங்கினால் “நீ என்ன சொல்லிக் கொடுத்தாய்?” என்று அக்கா ஏச்சு வாங்குகின்ற வீட்டிலே, அவள் அடுத்த நாள் கையிலே பிரம்பெடுக்கின்றாள். தம்பிக்கு அக்கா ஒருத்தி இல்லாமற் போய், வீட்டுக்குள்ளும் ஒரு சட்டம்பியார் முளைக்கின்றார்.

அங்ஙனமாயின் பல வயதினரை ஒருங்கே வைத்துக் கற்பிப்பது எங்ஙனம்? ஒரே பொருளை எல்லார்க்கும் முன்வைத்து, அவரவர் வயதுக்கேற்ற ஆழத்தில் இறங்கவிடுவதே வழி. மாரி காலத்துக்குரிய பாடம் ஒன்றைச் சொல்லுகின்றோம். அடியும் வாயும் ஒரே அகலமான தகரப் பேணி ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் முற்றத்திலே வையுங்கள். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்திலே அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து, பின் ஊற்றிவிடவேண்டும். மழை பெய்த நாளுக்கு நாட்காட்டியில் நீலப் பொட்டு இடுவது கடைக்குட்டியின் உத்தியோகம். அளவை வாசிப்பவள் இரண்டாந் தரத்தினள். கிழமைக் கூட்டுத்தொகையும் சராசரியும் ஐந்தாந் தரத்தினனுக்கு. எட்டாந் தரத்தினன் வரைபு வரைவதோடு மற்றொன்றையும் கணிக்கலாம். ஒரு சதுர மீற்றர் நிலத்திலே ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் நீர் சரியாக ஒரு இலீற்றர். வீட்டுக் கூரை பத்து மீற்றர் நீளமும் ஆறு மீற்றர் அகலமுமான நிலத்தை மூடுமாயின், 25 மில்லிமீற்றர் மழைக்கு அதன்மேல் விழுவது 1500 இலீற்றர். கூரை சரிவாயிற்றே, அச்சரிவின் பரப்பை ஏன் எடுக்கவில்லை என்று அவன் கேட்பானாயின் அன்றைய பாடம் வெற்றி. மழை செங்குத்தாக விழும்போது கூரை எவ்வளவு நிலத்தை மறைக்கின்றது என்பதே கணக்கு என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

மூத்தவளுக்கு என்ன மிச்சம் என்பீர்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறொன்றும் இல்லாத குடாநாட்டிலே, மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றையும் கிணறுகளையும் நம்பி மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பது அவளுக்குரிய வினா. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கிய மழைநீர், பாரமான உவர் நீரின்மேல் மிதந்து நிற்பதும், மிகையாக இறைத்தால் நன்னீர்க் கிணறு உவராவதும் புவியியலாகவும் இரசாயனமாகவும் அவளுக்கு விரியும். இத்தனைக்கும் செலவு ஒரு பால்மாப் பேணி. இங்கே அக்கா எவருக்கும் ஆசிரியை அல்லள். எல்லாரும் ஒரு காரியத்திலே பங்காளிகள். இளையவன் மூத்தோர் பேச்சிலே பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் செவிமடுக்கின்றான். பல வயதினர் உள்ள வீட்டின் தனிச் செல்வம் அச்செவிச்செல்வமே. ஒற்றைப் பிள்ளைக்கு அது காசு கொடுத்தாலும் கிடையாது.

வரலாறு, சமயம், கதை, புவியியல் எல்லாவற்றையும் இவ்வாறு பொதுவிலே நடத்தலாம். கணிதத்தை முற்றாக அவ்வாறு நடத்த முடியாது, அது ஏணி. ஒரு படி தவறியவனுக்கு மேற்படி எட்டாது. ஆதலால் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பதினைந்து நிமிடமாவது வேண்டும். அதிலும் நடுப்பிள்ளையை மறவாதீர்கள். புலமைப்பரிசிலுக்குத் தோற்றுபவனைச் சுற்றி ஒரு கூட்டம். சாதாரண தரத்தாளுக்கும் உயர்தரத்தானுக்கும் ரியூசன். ஏழாம் எட்டாந் தரத்துப் பிள்ளைக்கோ பரீட்சையுமில்லை, பார்ப்பாருமில்லை. பதினோராந் தரத்திலே கணிதம் விளங்கவில்லை என்று கண்கலங்கி வரும் மாணவரைத் துருவிப் பார்த்தால், ஏழாந் தரத்திலே திசைகொண்ட எண்களும் அட்சரகணிதமும் தொடங்கிய இடத்திலேயே கயிறு அறுந்திருப்பதைப் பெரும்பாலும் காண்கின்றோம். அந்நேரம் வீட்டில் எல்லாரும் தம்பியின் வினாத்தாளிலே மூழ்கியிருந்திருப்பர்.

பாடசாலையே வேண்டாம், வீட்டிலே படிப்பித்தாற் போதாதா என்று சிலர் வினவுகின்றனர். இங்கிலாந்தின் 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பாடசாலையிலோ வேறு வகையிலோ பிள்ளைக்குக் கல்வி அளிப்பது பெற்றோர் கடமை என்று கூறி அதற்கு இடம் வைத்தது. இன்றும் அங்கே அது நிலவுகின்றது. நமது நாட்டிலே ஐந்து வயது முதல் பதினான்கு வரை இருந்த கட்டாயக் கல்வி 2016 இல் பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. 1945 முதல் இலவசக் கல்வியும் நமக்குண்டு. 2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, விரும்பியோரும் விரும்பாதோரும் வீட்டுப் பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்தோம். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி இருந்த வீடுகளிலே அது எவர் கைக்குச் சென்றது? பரீட்சைக்காரன் கைக்கே. சின்னவர்களின் பாடங்களைக் கொப்பியிலே பார்த்தெழுதி வைத்தவள் மூத்தவள். பாடசாலை என்பது வீட்டு வேலை தொடாத ஆறு மணி நேரத்தை ஒரு பெண்பிள்ளைக்கு அளிக்கும் இடமுமாகும் என்பதை அக்காலத்திலே நன்கு கண்டோம்.

ஆகவே ஐந்து பிள்ளைகளின் தாய்மார்க்கு நாம் கூறுவது இது. மாலை ஆறரை முதல் ஏழு மணி வரை பொதுப் பாடம் நடக்கட்டும். அதில் மூத்தவளும் இருக்கலாம். ஏழு மணியானதும் அவள் தன் கொப்பியோடு வேறு அறைக்கோ, அறையில்லையேல் விறாந்தையின் மறு மூலைக்கோ போய்விட வேண்டும். ஒன்பது மணி வரை “அக்காவைக் கேள்” என்னும் சொல் வீட்டிலே எழக்கூடாது. அவ்விரண்டு மணி நேரத்தில் வாய்ப்பாடு கேட்க அம்மம்மா போதும். காலும் அரையும் முக்காலும் அவருக்குப் புத்தகமின்றியே வரும். சமன்பாட்டைத் தந்தையார் பார்க்கலாம். தமக்கு அது மறந்துவிட்டது என்பாராயின், மகனோடு இருந்து திரும்பப் படிக்கலாம். ஜேம்ஸ் மில்லுக்கு இருந்த வேலையை விட அவருக்கு அதிக வேலை இராது. சோறு வடிக்கும் வேலையையும் ஒரு நாளைக்கு எட்டாந் தரத்தினன் பழகிப் பார்க்கட்டும்.

இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்றலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு அடுத்த ஞாயிறு விடை எழுதுவோம். அதுவரையில் அப்பிள்ளையின் கையைக் கட்டாதிருக்குமாறு வேண்டுகின்றோம்.