இம்போசிஷன் மருந்தாகுமா?

பரீட்சை நெருங்கினால் திருவந்திபுரம் ஔஷதகிரியில் ஹயக்ரீவரிடம் பேனா வைத்து வேண்டாத பெற்றோர் குறைவு. வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்லி, எழுதச் சொன்னால் திணறும் பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். பள்ளியில் அவர்களுக்குக் கிடைப்பது 'சோம்பேறி' பட்டமும் இம்போசிஷனும்தான்.

எழுத்தின் ஒலியையும் வடிவத்தையும் நினைவுக்குக் கொண்டுவந்து, விரல் அசைவாக மாற்றுவது மூளையின் வேலை. டிஸ்கிராஃபியா இருந்தால் இது சுலபமாக நடக்காது. எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் தீர்ந்து, விடை மறந்துபோகும்.

2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எழுதப் படிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகளின் மூளையை ஸ்கேன் செய்தது. டைப் செய்ததையும் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்ததையும் விட, தானே எழுதிப் பழகிய எழுத்தைப் பார்த்தபோதுதான் வாசிப்புக்கான பகுதிகள் நன்கு வேலை செய்தன. ஆகவே நூறு முறை காப்பியடிப்பதைவிட, ஒலியைச் சொல்லிக்கொண்டே தானாக எழுதும் நாலு எழுத்து மேல் என்பேன்.

கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன. வேண்டுதலோடு இதையும் பள்ளியில் கேளுங்கள். சலுகை அல்ல, உரிமை.