பழைய ஜீப்பா, புதிய ஜீப்பா?



வண்டி வாங்கியதும் அதனைக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, மந்திரித்துத் தருமாறு கேட்பது நம் மக்களின் நல்வழக்கம். ஆனால் வாங்கிய பின்னர் மந்திரிக்கக் கேட்பவர் பலர்; வாங்குமுன் யோசனை கேட்பவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒரு குடும்பத்தார் அண்மையில் என்னிடம் வந்தனர். அவர்கள் வீட்டு வழக்கு இன்று பல வீடுகளில் நடைபெறும் வழக்காதலால், இம்மாதம் அதனையே எழுதத் துணிந்தேன்.

குடும்பத் தலைவர் திருவொற்றியூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டு இயந்திரப் பணி செய்து ஓய்வு பெற்றவர். மகனுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் கிடங்கு வேலை. மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர், முழங்கால் நோவால் தளர்ந்த ஆயா ஆகியோரையும் சேர்த்து வீட்டில் ஆறு பேர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அவர்கள் தெருவில் இடுப்பளவு நீர் நின்றது. ஆயாவுக்கு மூச்சுத் திணறல் கண்ட இரவில் ஆட்டோ வரவில்லை, கார் வரவில்லை. மீனவர் படகு ஒன்றே வந்தது. அன்றே அவ்வீட்டில் முடிவு செய்தார்கள்: மேடு பள்ளம், சேறு, வெள்ளம் எதற்கும் அஞ்சாத ஜீப் ஒன்று வேண்டும் என்று.

முடிவு ஒன்றாயினும் வழி இரண்டாயிற்று. தந்தையார் 1990களில் செய்யப்பட்ட பழைய டீசல் ஜீப் ஒன்றை விலை பேசி வைத்திருந்தார். மகனோ புதிய தார் வண்டியைக் கடனில் எடுக்க விரும்பினார். "சுவாமி, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று இருவரும் என்முன் அமர்ந்தனர்.

ஜீப் நமக்கு அந்நியப் பொருளன்று. இரண்டாம் உலகப் போருக்கென 1941 முதல் அமெரிக்காவில் பெருவாரியாகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப், 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தாரால் பம்பாயில் இணைத்து விற்கப்படலாயிற்று. மலைத்தோட்டம், காவல்துறை, மின்வாரியம், மறைபரப்புத் தளம் எங்கும் அதுவே ஓடிற்று. 1985இல் மாருதியின் ஜிப்ஸி வந்தது. அது 2019இல் பொதுமக்கள் விற்பனையிலிருந்து விடைபெற்றது. 2010இல் தார், 2020 அக்டோபரில் அதன் இரண்டாம் வடிவம், 2023இல் ஜிம்னி, 2024இல் ஐந்து கதவுகளுடன் தார் ராக்ஸ் என்று புதியவை வரிசையாக வந்தன.

பழைய வண்டியின் சிறப்பை மறுப்பதற்கில்லை. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலையும் வளர்ந்த மண் இது. இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே நோயறியும் கைகள் நம் தெருக்களில் உண்டு. பழைய ஜீப்பின் இயந்திரம் அத்தகைய கைகளுக்கு மறைவின்றித் திறந்து நிற்பது. கணிப்பொறி இல்லை, நுண்ணிய மின்கருவிகள் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே பழுது பார்த்துவிடலாம். ஜிப்ஸியின் அகலம் 1.54 மீட்டரே, புதிய தாரின் அகலம் 1.82 மீட்டர், ராக்ஸ் 1.87 மீட்டர். இராயபுரத்துச் சந்துகளில் வாழ்வோர்க்கு இந்த ஓரடி வேறுபாடு எத்தகையது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. புதிய ஜிம்னி 1.645 மீட்டர், அது ஓரளவு நுழையும்.

எனினும் பழையதை வாங்குமுன் மூன்றைப் பார்த்தே ஆகவேண்டும்.

முதலாவது, துரு. நம் பகுதியின் காற்றில் உப்பு உண்டு. ஜீப்பின் உடல் முழுவதையும் தாங்குவது ஏணி போன்ற இரும்புச் சட்டம்; அதனையே சேஸிஸ் என்கிறோம். அதன் உட்புறம் பொள்ளலாதலால் உப்புநீர் உள்ளே தங்கி அரிக்கும். வெளியே கறுப்புச் சாயம் பளபளக்கும். ஆகையால் வண்டியை உயர்த்தி, பட்டை ஸ்பிரிங் பொருந்தும் இடங்களையும் குறுக்குச் சட்டங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்லிரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். புதிதாகப் பூசிய சாயத்தைக் கண்டு மகிழாதீர்கள், ஐயுறுங்கள்.

இரண்டாவது, ஆவணம். பழைய ஜீப்புகளில் இயந்திரத்தை மாற்றிப் பொருத்துவது பரவலான பழக்கம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இயந்திர எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். உற்பத்தியாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளே செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கொருமுறை சோதனைக்குட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் கார் வகைக்கு 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாயிற்று. இன்சூரன்ஸும் பெரும்பாலும் பிறர்க்கு நேரும் சேதத்திற்கு மட்டுமே கிடைக்கும்.

மூன்றாவது, எரிபொருள். இப்பொழுது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. அதற்கேற்பச் செய்யப்படாத பழைய பெட்ரோல் வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் விரைவில் கெடக்கூடும். பழைய ஜிப்ஸி வாங்குவோர் அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இவ்வளவும் சொன்னதும் தந்தையார், "சுவாமி, துருவை நான் பார்த்துக்கொள்வேன், முப்பதாண்டு இரும்போடு வாழ்ந்தவன்" என்றார். உண்மையே. ஆனால் அவர் கையால் சரிசெய்ய இயலாத குறை ஒன்று பழைய ஜீப்பில் உண்டு.

இதனை நான் ஏட்டறிவால் சொல்லவில்லை. குருப்பட்டம் பெற்ற தொடக்கத்தில் மலைப்பங்கு ஒன்றில் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தேன். பங்கின் பழைய ஜீப்பில் பின்புறம் இருபக்கமும் நீளப் பலகைகள். அவற்றில் எதிரெதிரே அமர்வோம். ஒருநாள் வளைவில் மாடு குறுக்கிட, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வேகம் முப்பதைக் கூடத் தாண்டவில்லை. என் பக்கத்தில் இருந்த பூசைச் சிறுவன் பலகையிலிருந்து வழுக்கி, முன் இருக்கையின் இரும்புக் கம்பியில் நெற்றி மோதி விழுந்தான். என் கை அவன் தோளின் மீதுதான் இருந்தது. அது அவனைத் தாங்கவில்லை. அவன் பிழைத்தான். அந்தத் தழும்பை அவனுடைய திருமணத்தன்று மீண்டும் கண்டேன்.

பக்கவாட்டுப் பலகையின் குற்றம் இதுவே. மனித உடல் முன்னோக்கி எறியப்படும்போது அதனைத் தாங்க முதுகுப் பலகையுமில்லை, தோளைக் குறுக்கிடும் பட்டையுமில்லை. அம்மாவின் மடியும் போதாது; மோதலில் குழந்தையின் எடை பன்மடங்காகி விடுகிறது.

இந்நாட்டில் பாதுகாப்பு விதிகள் மாறிய ஆண்டுகளை நினைவிற் கொள்ளுங்கள். பிரேக்கை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரல் முதல் புதிதாய் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையிலும், அவருக்கு அருகில் அமர்பவருக்கான காற்றுப்பை 2021 இறுதிக்குள்ளும் கட்டாயமாயின. புதிய தார் 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர், சிறுவர் ஆகிய இரு பாதுகாப்பிலும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் பெற்றது. ராக்ஸ் 2024இல் பாரத் என்கேப் சோதனையில் ஐந்து பெற்றது. அதற்கு முந்தைய ஜீப்புகள் இத்தகைய சோதனைக்கு நிற்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டவையல்ல.

"பார்த்தீர்களா அப்பா!" என்றார் மகன். அவசரப்படாதீர்கள் என்றேன். ஏனெனில் புதிய வண்டியிலும் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு.

பெயர் ஒன்றாயிருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. 2023 முதல் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் தாரும் விற்கப்படுகிறது. சேற்றில் அதனிடம் நான்கு சக்கர வலிமையை எதிர்பார்த்தல் வீண். நான்கு சக்கரமும் இயங்கும் புதிய வண்டி சாலைக்கு வரும்போது விலை 12 இலட்சத்தைத் தாண்டும். 10 இலட்சம் கடனுக்கு ஒன்பதரை விழுக்காடு வட்டி, ஏழாண்டுத் தவணை என்று கொள்வோம். மாதம் ஏறத்தாழ 16,350 ரூபாய். முடிவில் வட்டி மட்டும் மூன்றே முக்கால் இலட்சத்தை நெருங்கும். இரு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதே சம்பளத்திலிருந்துதானே செல்லவேண்டும்?

அடுத்து, வெள்ளம். புதிய தார் 650 மில்லிமீட்டர், அதாவது இரண்டடிக்குச் சற்றே மிகுந்த நீரில் செல்லும் என்பது நிறுவனத்தார் கூற்று. அவர்கள் தெருவில் நின்றதோ இடுப்பளவு! ஓடும் வெள்ளம் இரண்டடி இருந்தாலே பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைத் துறையினர் எச்சரிக்கிறார்கள். நீருக்கடியில் திறந்த சாக்கடைக் குழியை எந்த வண்டியின் சக்கரமும் அறியாது. நீர் இயந்திரத்தின் உட்புகுந்தபின் சாவியைத் திருகினால், நீர் அமுங்காதாகையால் கனெக்டிங் ராடு வளைந்து இயந்திரமே பாழாகும். தனிக் காப்பு எடுத்திராவிடில் இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். பழைய டீசல் ஜீப் நீரில் சற்றுத் துணிவுடன் செல்லும் என்பது மெய்யே. ஆனால் நனைந்த டிரம் பிரேக் உலரும்வரை சரியாகப் பிடிக்காது. ஆகவே அந்த இரவுக்கு விடை பழைய ஜீப்புமன்று, புதிய ஜீப்புமன்று. நீர் ஏறுமுன் ஆயாவை மேட்டுப் பகுதிக்குக் கொண்டு சேர்ப்பதே.

இறுதியாக ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, உங்கள் வண்டியில் எத்தனை பேர் அமரலாம்?" மூன்று கதவுத் தாரில் நால்வர், ஜிம்னியிலும் நால்வர், ராக்ஸில் ஐவர். வீட்டிலோ அறுவர். மகன் சிறிது தயங்கி, "வேளாங்கண்ணிக்குப் போகும்போது அப்பாவும் ஆயாவும் ரயிலில் வரலாம், ஃபாதர்" என்றார். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. தந்தையார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் பழைய ஜீப்பைத் தேடினார் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று: அதில் ஆறு பேருக்கும் இடமிருந்தது.

அன்று மாலை எல்லோருமாக அந்தப் பழைய ஜீப்பைக் காணச் சென்றோம். சேஸிஸ் ஒலி நன்றாகவே இருந்தது. தந்தையார் பின்பலகையில் ஏறி, இளைய பேத்தியைப் பக்கத்தில் அமர்த்தினார். பிடித்துக்கொள்ள ஏதேனும் உண்டா என்று அவர் கை துழாவிற்று. கம்பி ஒன்றைத் தவிர வேறில்லை. அதுவும் குழந்தையின் முகத்துக்கு நேரே. இறங்கிவிட்டார். "இது என் ஆசை, சுவாமி. இவளுக்கு உரிய இடமில்லை" என்றார். அதுவரை ஓயாது வாதிட்ட மகன், "என் ஆசையும் அப்படித்தான், நைனா" என்று மெல்லச் சொன்னார்.

முடிவில் அவர்கள் வாங்கியது இரண்டுமன்று. 2022இல் செய்யப்பட்ட, மூன்று வரிசையும் முன்னோக்கிய இருக்கைகளும், எல்லோர்க்கும் பட்டையும், காற்றுப்பைகளும் உள்ள சாதாரணக் குடும்ப வண்டி ஒன்றைப் பாதி விலையில் வாங்கினார்கள். நான்கு சக்கர இயக்கம் அதில் இல்லை. மழைக்காலத்திற்கு உறவினர் வீட்டு மாடியறை ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார்கள்.

அன்புக் குடும்பத்தினரே, எல்லோர்க்கும் இதே முடிவு பொருந்தும் என்று நான் சொல்லேன். மலையடிவாரத்தில் தோட்டமோ, மண்சாலை வழியே அன்றாடப் பிழைப்போ உடையவர்க்கு நான்கு சக்கர இயக்கம் ஆடம்பரமன்று. அவர்கள் நால்வராயின் புதிய சிறு ஜீப் தகும். வசதியும் கைத்திறனும் உடையவர் பழைய ஜீப்பை இரண்டாம் வண்டியாக வைத்துப் பேணலாம். முன் இருக்கையில் இருவராக அமர்ந்து மகிழலாம். ஆனால் பிள்ளைகளும் முதியோரும் ஏறும் வண்டி 2021க்குப் பின் செய்யப்பட்டதாக இருக்கட்டும். எந்த வண்டியாயினும் உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடாதீர்கள். பல்சக்கரங்கள் முறுகித் தேயும்.

வண்டி பார்க்கச் செல்லும்போது ஓட்டுநர் இருக்கையில் மட்டும் அமர்ந்து பாராதீர்கள். பின்னால் ஏறுங்கள், உங்கள் வீட்டில் மிகச் சிறியவரும் மிக மூத்தவரும் அமரப்போகும் இடத்தில் அமர்ந்து பாருங்கள். தெரிவு அங்கேதான் இருக்கிறது. அதன்பின் கோயில் வாசலுக்குக் கொண்டு வாருங்கள்; மகிழ்வோடு மந்திரித்துத் தருவேன்.