டேலி ஆயிடுச்சு... ஆனா?

அகரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் எங்க மாமா பென்டிரைவோடு வந்து நின்றார். கல்லாவில் கைவைத்தவன் கேமராவில் மாட்டிக்கொண்டானாம்.

"மாப்ளே, கோர்ட்ல குடுக்க இதுக்கு ஏதோ 'ஹாஷ்' போடணுமாம். திண்டுக்கல் பூட்டு போட்டா ஆகாதா?"

பூட்டு இல்லை மாமா, கைரேகை! ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் எண் மொத்தமாக மாறிவிடும். 2024 ஜூலையில் அமலான பாரதிய சாட்சிய அதினியத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5, 'மற்றவை' என்று கட்டங்கள். எதில் வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பி.காமில் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனதும் துள்ளுவோமே... உள்ளே ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டியிருக்கும். எம்.டி.5 கதையும் அதுதான். 2004-ல் சீனாவின் ஷியாவ்யுன் வாங் குழு, ஒரே எண் வரும் இரண்டு வேறு வேறு தகவல்களைக் காட்டிவிட்டது. 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் சேர்ந்து எஸ்.எச்.ஏ.1-க்கும் சங்கு ஊதினார்கள். பைத்தான் மொழியில் 2006-லேயே 256-ஐ உள்ளே சேர்த்தாச்சு. ஆனாலும் பழசைத் தூக்கவில்லை. தூக்கினால் பழைய புரோகிராம்கள் படுத்துவிடும். நம்ம படிவமும் அதே தாட்சண்யம் பார்க்கிறது போல!

மாமாவின் ஃபைலுக்கு இன்னொருத்தன் ஜோடி செய்வது இன்றைக்கும் லேசில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே இரண்டாகத் தயாரித்து வைக்கிற எமகாதகன் உண்டே? எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கேட்டால் மாமா முழிப்பார்.

256-க்கு டிக் போட்டேன். 64 எழுத்து வந்து விழுந்தது. மாமா பேனாவைத் திறந்தார்.

"கையால எழுதாதீங்க மாமா, பிரிண்ட் எடுத்துக்கலாம்."

"அதுக்கு எவ்வளவு மாப்ளே?"